யூகான், டாஹோ, எஸ்கலேட் வண்டியில் மேக்னடிக் ஷாக் மாற்றுவது எப்படி: செலவு, காகிதம், வேலை

என் 2016 யூகான் எக்ஸ்எல் டெனாலியில் போன அக்டோபரில் 'சர்வீஸ் சஸ்பென்ஷன் சிஸ்டம்' என்று எச்சரிக்கை வந்தது. அப்போது வண்டி 92,000 மைல் ஓடியிருந்தது. வேலை முழுதாக முடிந்தது இந்த ஏப்ரலில். நடுவில் நல்ல நிலையில் இருந்த, ஷாக்குக்குக் காற்று அடிக்கும் ஒரு கம்ப்ரசரை மாற்றி 940 டாலர் கொடுத்தேன். தவறான ஷாக்கை (சக்கரத்தின் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வரவழைத்துத் திருப்பி அனுப்பினேன். டீலர் சொன்ன தொகையைக் கேட்டு இரண்டு மாதம் எதுவும் செய்யாமல் ஓட்டினேன். அதற்குள் முன் டயர் இரண்டும் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்துவிட்டன.

ஆறு மாத அலைச்சல். சரியான வரிசை தெரிந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட் பக்கம். சட்டம், வரி, சாலை உப்பால் வரும் துரு பற்றிச் சொல்வதெல்லாம் இந்த ஊர்க் கணக்கு. மற்றவை எந்த மாநிலத்துக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 2015 முதல் 2020 வரை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திலிருந்து வந்த ஷெவர்லே டாஹோ, ஷெவர்லே சபர்பன், ஜிஎம்சி யூகான், கேடிலாக் எஸ்கலேட் வண்டிகளுக்கானது. 2021 முதல் பின்பக்க அமைப்பையே மாற்றிவிட்டார்கள். அந்த வண்டிக்கு இதில் உள்ள பின்பக்க வேலை பொருந்தாது.

1. உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஷாக் என்று பாருங்கள்

எல்லா டாஹோவிலும் மேக்னடிக் ஷாக் இருந்துவிடாது. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சபர்பனில் ஒன்றில் சாதா ஷாக் இருக்கும், இன்னொன்றில் மேக்னடிக் ஷாக் இருக்கும். டாஷ்போர்டு வலப்பக்கப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்னக் குறியீடுகள் வரிசையாக அச்சிட்ட ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இசட்95 என்று இருந்தால் மேக்னடிக் ரைடு, அதாவது மேக்னடிக் ஷாக் உள்ள வண்டி. பிந்தைய வருட வண்டிகளில் இந்த ஸ்டிக்கருக்குப் பதில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒரு கியூஆர் கட்டம் ஒட்டியிருப்பார்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் எந்த டீலரின் பாகக் கவுன்டரிலும் வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணான வின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.

கண்ணாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பின் சக்கரத்துக்கு உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக்கின் மேல்பாதியில் கறுப்பு ரப்பர் உறை, அதற்கு ஒரு மெல்லிய காற்றுக் குழாய், கூடவே ஒரு மின்கம்பி. மூன்றும் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வரியில் சொல்கிறேன், பழுதைப் பிரித்தறிய அது வேண்டும். ஷாக்கின் உள்ளே இருக்கும் எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள் கலந்திருக்கிறது. பிஸ்டனில் ஒரு காயில் (கம்பிச்சுருள்) இருக்கிறது. அதில் மின்சாரம் பாய்ந்தால் எண்ணெய் கெட்டிப்படும், நின்றால் இளகும். எப்போது எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பின் ஷாக்கில் மட்டும் கூடுதலாகக் காற்று உறை. பின்னால் பாரம் ஏறினால் கம்ப்ரசர் காற்று அடித்து வண்டியைப் பழைய உயரத்துக்குத் தூக்கும்.

ஆக, ஷாக் மூன்று விதமாகக் கெடலாம்: எண்ணெய் ஒழுகலாம், காயிலோ கம்பியோ அறுந்துபோகலாம், காற்று உறை ஓட்டையாகலாம். மூன்றுக்கும் அறிகுறி வேறு, சோதனை வேறு.

2. பணம் கொடுப்பதற்கு முன் பழுதை உறுதி செய்யுங்கள்

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எச்சரிக்கை வந்ததும் பக்கத்து கராஜுக்குப் போனேன். அவர் வண்டியின் பின்புறம் தாழ்ந்திருப்பதைப் பார்த்தார். கம்ப்ரசர் ஓயாமல் இரைவதைக் கேட்டார். "கம்ப்ரசர் போச்சு" என்றார். மாற்றினோம். பதினொரு வாரம் கழித்துப் புதுக் கம்ப்ரசரும் அதே மாதிரி இரைந்தது. உண்மையில் வலது பின் ஷாக்கின் ரப்பர் உறையில் ஒரு மயிரிழை வெடிப்பு. காற்று அங்கே போய்க்கொண்டே இருக்க, கம்ப்ரசர் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பழைய கம்ப்ரசர் மேல் தவறே இல்லை.

*காற்றுக் கசிவு:* ராத்திரி வண்டியை நிறுத்தியதும் தரையிலிருந்து பின் சக்கர வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன், கதவைக்கூடத் திறக்காமல், மறுபடி அளங்கள். என் வண்டி ஒரே இரவில் ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருந்தது. பின்னால் இரும்பு ஸ்பிரிங்கும் இருப்பதால் தரையில் உட்கார்ந்துவிடாது, கொஞ்சம்தான் இறங்கும். அதனால் அளக்காமல் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு பின் ஷாக்குக்கும் காற்று ஒரே இடத்திலிருந்து பிரிந்து போகிறது. ஒன்று கசிந்தாலும் பின்பக்கம் முழுக்க இறங்கும். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி ரப்பர் உறை, குழாய் இணைப்பு எல்லாவற்றிலும் அடியுங்கள். கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். எனக்கு உறையின் கீழ்மடிப்பில் கடுகு அளவில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. 940 டாலருக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய சோதனை அது. ஐந்து நிமிடம் ஆகவில்லை.

*எண்ணெய்:* ஷாக்கின் மேல்பகுதியில் லேசாகப் பிசுபிசுப்பும் அதன் மேல் தூசியும் இருந்தால் அது பழுது அல்ல. தண்டு ஏறி இறங்கும்போது ஒரு படலம் வரத்தான் செய்யும். அதைக் காட்டி "ஒழுகுகிறது" என்று நாலு ஷாக்கையும் விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஈரம் உடல் முழுக்க வழிந்து அடியில் சொட்டாக நின்றால் அது கசிவு. சந்தேகமாக இருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

*மின்சாரம்:* வண்டிக் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டைத்தான் கோடு என்கிறேன். அதைப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவியில் என்ஜின் கோடு மட்டும்தான் வரும். சஸ்பென்ஷனுக்கு 'சி' என்று தொடங்கும் சேசிஸ் கோடுகளைப் படிக்கும் கருவி வேண்டும். வாங்கும் முன் அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சி0577 முன் இடது, சி0582 முன் வலது, சி0587 பின் இடது, சி0592 பின் வலது. இவற்றில் ஒன்று வந்தால் அந்த ஷாக்குக்குப் போகும் மின்சுற்றில் கோளாறு என்று அர்த்தம். ஷாக் செத்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். இந்த ஊரில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். உள்ளே பச்சைப் பூஞ்சை மாதிரி அரிப்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து மாட்டுங்கள், கோடு போய்விடலாம். போகவில்லை என்றால் மல்டிமீட்டரில் அந்த ஷாக்கின் இரண்டு முனைக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பார்த்து மறுபக்க ஷாக்குடன் ஒப்பிடுங்கள். ஒன்று சிறிய எண்ணையும் மற்றது முடிவிலியையும் காட்டினால் காயில் அறுந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. எண்ணெய் முக்கால்வாசி போய்விட்ட ஷாக்கில் காயில் நன்றாக இருந்தால் கோடு எதுவும் வராது. கம்ப்யூட்டருக்கு எண்ணெய் இருக்கிறதா என்று தெரியாது. என் முன் ஷாக் இரண்டும் அப்படித்தான் இருந்தன. பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு கீழே அமுங்கியது, ஐ-96 நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் போனால் படகு மாதிரி மிதந்தது, ஆனால் கோடு இல்லை. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் தடவிப் பாருங்கள். அலை அலையாகத் தட்டுப்பட்டால் ஷாக் வேலை செய்யவில்லை.

3. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

வின் எண் தகட்டின் படம், டாஷ்போர்டுப் பெட்டி ஸ்டிக்கர் படம், கோடு வந்த திரையின் படம், கசியும் இடத்தின் படம், இதுவரை சஸ்பென்ஷனுக்குச் செய்த வேலைகளின் பில். எல்லாவற்றையும் தேதியுடன் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். எங்கே போனாலும் முதலில் கேட்பது இவைதான்.

தொழிற்சாலை வாரண்டியை நம்ப வேண்டாம். ஜிஎம்சி, ஷெவர்லேவுக்கு முழு வண்டி வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 மைல், கேடிலாக்குக்கு 4 வருடம் அல்லது 50,000 மைல். 5 வருடம் 60,000 மைல் என்று சொல்வது என்ஜின், கியர்பாக்ஸ் பக்கத்துக்கு மட்டும். ஷாக் அதில் சேராது.

பழைய வண்டியாக வாங்கியவர்கள் பலர் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஒரு ஒப்பந்தமும் சேர்த்து வாங்கியிருப்பீர்கள். அதை எடுத்து, எது சேரும் என்ற பட்டியலை விட்டுவிட்டு எது சேராது என்ற பட்டியலைப் படியுங்கள். சில ஒப்பந்தங்களில் ஷாக் என்றாலே தேய்மானப் பொருள் என்று விலக்கிவிடுவார்கள். சிலவற்றில் மின்சார சஸ்பென்ஷன் தனியாகச் சேர்ந்திருக்கும். சேர்ந்திருந்தால் அவர்கள் சம்மதம் தரும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். பிரித்த பிறகு சொன்னால் கொடுக்க மாட்டார்கள்.

மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் வின் எண்ணைப் போட்டால் உங்கள் வண்டிக்கு நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்று தெரியும். நிறுவனம் டீலர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகளும் அங்கே மாடல்வாரியாக இருக்கும். இலவசம், பத்து நிமிட வேலை.

பள்ளத்தில் விழுந்துதான் ஷாக் போனது என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உங்கள் கொலிஷன் காப்பீடு. ஆனால் நீங்களே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் தொகை 1,000 டாலர் என்றால் ஒரு ஷாக்குக்கு அதில் பயன் இல்லை. இன்னொன்று, சாலையைப் பராமரிப்பவரிடம் இழப்பீடு கேட்பது. மிச்சிகனில் ஐ, யுஎஸ், எம் என்று தொடங்கும் சாலைகளுக்கு மாநிலப் போக்குவரத்துத் துறையிடமும், கவுன்டி சாலைகளுக்குக் கவுன்டி ரோடு கமிஷனிடமும் மனு கொடுக்க வேண்டும். 120 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தப் பள்ளம் இருப்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தும் சரிசெய்யாமல் விட்டார்கள் என்று காட்ட வேண்டும், அதுதான் கஷ்டம். பள்ளத்தின் படமும் இடமும் அன்றைக்கே எடுத்திருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

4. என்ன வாங்குவது

மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, நிறுவனத்தின் அசல் ஷாக். டீலர் கவுன்டரில் விலை அதிகம். அதே பெட்டியை இணையத்தில் விற்கும் டீலர்களிடம் கணிசமாகக் குறைத்து வாங்கலாம். நான் எடுத்தது இதைத்தான்.

இரண்டாவது, ஆர்னாட் போன்ற மாற்று நிறுவனங்களின் மேக்னடிக் ஷாக். காற்றும் மின்சாரமும் அப்படியே வேலை செய்யும். அவர்களிடம் புதிதும் உண்டு, பழையதைப் பிரித்துப் புதுப்பித்ததும் உண்டு. புதுப்பித்தது என்றால் கோர் சார்ஜ் என்று ஒரு தொகையைச் சேர்த்து வாங்குவார்கள். உங்கள் பழைய ஷாக்கைத் திருப்பி அனுப்பினால் அது திரும்பி வரும்.

மூன்றாவது, மின்சாரமே வேண்டாம் என்று சாதா ஷாக்குக்கு மாற்றிவிடும் கன்வெர்ஷன் கிட். செலவு பாதிக்கும் குறைவு. ஆனால் கம்ப்யூட்டர் தன் நாலு ஷாக்கையும் தேடிக்கொண்டே இருக்கும். அதை ஏமாற்றச் சின்னச் சின்ன மாடியூல்கள் சேர்த்துத் தருவார்கள். அவை இல்லாத கிட் என்றால் எச்சரிக்கை என்றைக்கும் அணையாது. பின்னால் பாரம் ஏற்றினால் தூக்கும் வசதியும் போய்விடும். வருடத்துக்கு 6,000 மைல் ஓட்டி, இன்னும் இரண்டு வருடத்தில் வண்டியைக் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்றால் இது சரி. எங்கள் வீட்டில் ஒவ்வொரு கோடையிலும் அப்பா அம்மா ஊரிலிருந்து வருவார்கள். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் தாழும், மூன்றாவது வரிசையில் உட்காருபவருக்கு ஒவ்வொரு குழியும் இடுப்பில் இறங்கும். அதனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இணையச் சந்தைகளில் 150 டாலருக்கு 'மேக்னடிக் ஷாக், எல்லா யூகானுக்கும் பொருந்தும்' என்று வருவதைத் தொடாதீர்கள். பாக எண்ணை வின் எண் சொல்லித்தான் எடுக்க வேண்டும். நான் வருடத்தையும் மாடலையும் வைத்து ஆர்டர் செய்தேன், மின்சாரம் இல்லாத ஷாக் வந்தது. திருப்பி அனுப்பும் செலவு 68 டாலர் என் தலையில். இன்னொன்று: நீங்கள் ஆர்டர் செய்த எண் ஒன்று, பெட்டியில் இருக்கும் எண் வேறொன்று என்று வரலாம். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புது எண் கொண்டுவந்திருப்பார்கள். பயப்படாமல் கவுன்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். பின்னால் என்றால் இரண்டும், முன்னால் என்றால் இரண்டும். கையில் பணம் குறைவாக இருந்தால் எந்த ஜோடி மோசமோ அதை முதலில் மாற்றுங்கள், மற்ற ஜோடி ஆறு மாதம் பொறுக்கட்டும்.

ஷாக்கோடு சேர்த்துக் கீழ் போல்ட், நட் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடுங்கள். முன் ஷாக்குக்கு அதன் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் மேல் மவுண்ட் இரண்டும். உப்பு ஊரில் பழைய போல்ட் முழுசாக வெளியே வரும் என்று சொல்லவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டி ஜாக் ஸ்டாண்ட் மேல் நிற்கும்போது போல்ட் தேடி அலைய முடியாது.

5. யாரிடம் கொடுப்பது, எவ்வளவு ஆகும்

டீலர் எனக்கு நாலு ஷாக்குக்கும் சேர்த்து 5,380 டாலர் என்று எழுதிக் கொடுத்தார். நான் செய்தது: பின் ஷாக் இரண்டையும் வீட்டில் மாற்றினேன், முன் ஷாக்குக்குப் பாகங்களை வாங்கி ஒரு தனி கராஜில் கொடுத்தேன். கணக்கு இது:

பின் ஷாக் ஜோடி – 1,240
முன் ஷாக் ஜோடி – 1,190
மேல் மவுண்ட், போல்ட், நட் – 170
பாகங்களுக்கு 6 சதவீத வரி – 156
முன் வேலைக்குக் கூலி, நாலரை மணி நேரம் – 585
வீல் அலைன்மெண்ட் – 130
மொத்தம் – 3,471 டாலர்

டீலரிடம் கொடுப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் போடும் அசல் பாகத்துக்குக் கூலியும் சேர்த்து 24 மாத வாரண்டி கிடைக்கும். நீங்களே வாங்கிப் போட்டால் பாகம் கெட்டால் பாகம் மட்டும் கிடைக்கும், மறுபடி மாட்டும் கூலி உங்களுடையது. நீங்கள் வாங்கிய பாகத்தைப் போட மறுக்கும் கராஜ்களும் உண்டு. ஆர்டர் போடும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

மிச்சிகனில் கராஜ் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், மெக்கானிக்குக்கும் மாநிலச் சான்று வேண்டும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். குறித்த அளவுக்கு மேல் அதைத் தாண்டுவதென்றால் உங்கள் சம்மதம் கேட்டாக வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கம்ப்ரசர் மாற்றியபோது நான் பழையதைக் கேட்டு வாங்கியிருந்தால், அது நன்றாக ஓடுகிறது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நேரத்தையும் சொல்கிறேன். பாகம் வர எனக்கு ஒன்பது நாள் ஆனது. பின் வேலைக்கு ஒரு முழு நாள், அதற்கு முன் மூன்று நாள் போல்ட்டுக்குத் துரு எண்ணெய் அடிக்க. முன் வேலைக்குக் காலையில் விட்டு மாலையில் எடுத்தேன். டிசம்பர் முதல் மார்ச் வரை இந்த வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். குளிரில் கையும் விறைக்கும், ரப்பரும் விறைக்கும்.

6. பின் ஷாக்: வீட்டிலேயே செய்யலாம்

வாடகை வீடு என்றால் முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல குடியிருப்புகளில் வண்டிப் பழுதுவேலைக்கு அனுமதி இல்லை. சொந்த வீடாக இருந்தாலும் குடியிருப்போர் சங்க விதி இருக்கலாம்.

கருவி எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ஆட்டோஸோன், ஓரெய்லி கடைகளில் முன்பணம் கட்டினால் கருவி கடன் தருவார்கள், திருப்பிக் கொடுத்ததும் பணம் முழுக்கத் திரும்பிவிடும். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவை யாரோ சொன்னது என்று எடுக்காதீர்கள். பல ஊர் நூலகங்களில் அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சில்டன் பழுதுபார்ப்புக் கையேடு இணையத்தில் இலவசம். உங்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்து அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாளைக்கு முன்பிருந்தே மேல், கீழ் போல்ட் இரண்டிலும் துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் அடியுங்கள்.

வேலை நாளில் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு அடைப்புக்கட்டை வையுங்கள். சாவியை அணைத்த பிறகும் கம்ப்ரசர் தானாக ஓடலாம், ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கி ஃப்ரேமுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். பிறகு ஜாக்கைப் பின் அச்சுக்கு அடியில் கொண்டுவந்து லேசாகத் தாங்கிப் பிடிக்க வையுங்கள். இதை மறந்தால் ஷாக்கைக் கழற்றியதும் அச்சு கீழே தொங்கும், பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் கம்பியும் இழுபடும்.

கழற்றும் முன் படம் எடுங்கள். காற்றுக் குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, கம்பி எந்த வழியாகப் போகிறது என்று நாலு கோணத்தில். அப்புறம் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றுக் குழாயின் கிளிப்பை விலக்கி மெதுவாக இழுங்கள். உள்ளே மிச்சக் காற்று இருக்கும், சீறும். குழாயின் முனையில் உப்பும் மண்ணும் ஒட்டியிருந்தால் இழுக்கும் முன்பே துடைத்துவிடுங்கள். நான் ஒரு பக்கம் துடைக்காமல் இழுத்து, ஒரு மணல் துகள் உள்ளே போய், மாட்டிய பிறகு அங்கே கசிந்தது. மறுபடி கழற்ற வேண்டியதாயிற்று. மின் கனெக்டர் பிளாஸ்டிக். பத்து வருடக் குளிரில் நொறுங்கும் பதத்தில் இருக்கும். பூட்டை அழுத்திக்கொண்டே இழுங்கள், கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பிறகு கீழ் போல்ட், மேல் போல்ட். எனக்கு இடது கீழ் போல்ட்டின் நட் கழன்றது, போல்ட் வரவில்லை. ஷாக்கின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துருவில் ஒட்டிப் பிடித்திருந்தது. திருப்பினால் ரப்பரோடு சேர்ந்து சுற்றியது, சுத்தியலால் தட்டினால் அசையவே இல்லை. இந்த இடத்தில் பலர் தீச்சுடர் காட்டிச் சூடாக்குவார்கள். இங்கே அது கூடவே கூடாது. ஒரு சாண் மேலே காற்று உறை ரப்பர், உள்ளே அழுத்தத்தில் எண்ணெய். ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தில் இரும்பறுக்கும் பிளேடு போட்டு, ஷாக்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கும் ஷாக்குக்கும் நடுவே இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தேன். இருபது நிமிடம் ஆனது. புது போல்ட் கையில் இருந்ததால் பிழைத்தேன்.

புது ஷாக்கை மாட்டும்போது ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். முறுக்கிய உறை சீக்கிரமே வெடிக்கும். போல்ட்டை முதலில் கையால் மட்டும் போட்டு, அச்சை ஜாக்கால் உயர்த்தி, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கியபடியே இருந்து கிழியும். நல்ல மெக்கானிக்குகளே அவசரத்தில் விடும் தவறு இது.

7. முன் ஷாக்: கொடுத்துவிடுங்கள்

முன்னால் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கிறது. பெட்டியில் வருவது ஷாக் மட்டும். பழையதிலிருந்து ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். கிட்டத்தட்ட மூன்று டன் எடை வரும் வண்டியின் மூக்கைத் தாங்கும் ஸ்பிரிங் அது. ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி நழுவினால் கையோ முகமோ போய்விடும். கடன் கருவி கிடைக்கிறது என்பதற்காக இதில் இறங்காதீர்கள்.

கூலியைக் குறைக்க ஒரு வழி உண்டு. பழைய ஷாக்கை ஸ்பிரிங்கோடு நீங்களே வண்டியிலிருந்து இறக்கிக் கராஜுக்கு எடுத்துப்போனால், ஸ்பிரிங் மாற்றும் வேலைக்கு மட்டும் காசு வாங்குவார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கு இது சரி. முதல் தடவை செய்பவர் முழு வேலையையும் கொடுப்பதே நல்லது.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, தண்டின் உச்சியில் மின் கனெக்டர் இருக்கிறது, அந்த நட்டில் அடித்து அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் கன் வைக்க வேண்டாம். இந்த வகை ஷாக்கை அடிக்கடி பார்க்காதவர்கள் சாதா ஷாக் மாதிரி அடித்துவிட்டால் 600 டாலர் பாகம் மாட்டும் முன்பே போய்விடும். இரண்டாவது, பளபளக்கும் தண்டை இடுக்கியால் பிடிக்க வேண்டாம். ஒரு கீறல் விழுந்தால் அந்த இடம் சீலை அறுக்கும், எண்ணெய் கசியும். இதை முன்கூட்டியே சொன்னதற்கு என் மெக்கானிக் கோபப்படவில்லை, "நல்லது" என்றார். கோபப்படுபவரிடம் வண்டியை விட வேண்டாம்.

8. மாட்டிய பிறகு

பேட்டரியை இணைத்துச் சாவி போட்டு என்ஜினை ஓட விடுங்கள். கம்ப்ரசர் சிறிது நேரம் இரைந்து நிற்க வேண்டும். ரப்பர் உறையிலும் குழாய் இணைப்பிலும் மறுபடி சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். பழைய கோடுகளை அழியுங்கள். ஷாக் மட்டும் மாற்றியிருந்தால் இத்துடன் போதும். கம்ப்யூட்டரையோ உயரம் அளக்கும் சென்சாரையோ மாற்றியிருந்தால் டீலர் வகைக் கருவியில் உயரத்தைப் புதிதாகப் பதிய வேண்டும்.

முன் வேலை செய்தால் அலைன்மெண்ட் கட்டாயம். அதன் அச்சுத் தாளைக் கேட்டு வாங்குங்கள், முன், பின் அளவு இரண்டும் அதில் இருக்கும். அலை அலையாகத் தேய்ந்த டயர் புது ஷாக்கிலும் ஊளையிடும். எனக்கு முன் டயர் இரண்டையும் மாற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவு மேலே உள்ள கணக்கில் இல்லை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டதற்குக் கொடுத்த விலை அது.

நூறு மைல் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். ஒரு வாரம் கழித்து ராத்திரியும் காலையும் டேப்பால் உயரம் அளங்கள். என் வண்டி இப்போது ராத்திரி எந்த அளவோ காலையிலும் அதே அளவு.

கோர் சார்ஜ் கட்டியிருந்தால் பழைய ஷாக்கை வந்த பெட்டியிலேயே நிமிர்த்தி வைத்து, பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைப் பணம் திரும்பி வரும் வரை வைத்திருங்கள்.